கீரை ஆய்வது யார்?

பிள்ளை பெறும் பிராயத்திலுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்த சோகையுடையவர்கள் என்றும், ஆறு மாதம் கடந்து ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளிடையே அந்தத் தொகை 57 என்றும் 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு தெரிவிக்கிறது. இத்தகைய கணக்கு வெளியாகும் ஒவ்வொரு முறையும், கீரையின் மகிமையைப் பற்றி நாலு வார்த்தை எழுதுவது பத்திரிகைகளுக்கும், வாரத்தில் மூன்று நாளாவது கீரை சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவது வைத்தியர்களுக்கும், அதைப் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு வந்து மறந்துவிடுவது நமக்கும் சம்பிரதாயமாகிவிட்டது. மலிவான பதார்த்தம், எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைப்பது, ஜாதிகள் பல இருப்பதால் அலுப்புத் தட்டாதது, இவ்வளவு இருந்தும் அது நம் இலைகளிலிருந்து சிறுகச் சிறுக விலகிக்கொண்டு வருவதற்கு அறியாமையே காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். கீரை நல்லது என்று அறியாத தாய் ஒருத்தி இந்நாட்டில் இருப்பாளென்று நான் நம்பவில்லை. அறிந்தும் செய்யாமைக்கு வேறொரு காரணம் இருக்கிறது. அதற்குப் போவதற்கு முன்னால், கீரையைப் புகழ்கிறவர்கள் அதில் எதைப் புகழ்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிட வேண்டும்.

மேல்நாட்டுப் புத்தகங்கள் கீரையென்று போற்றுவதெல்லாம் ஸ்பினாச் என்னும் ஒன்றைத்தான். பாரசீகத்தில் பிறந்து, 647ஆம் ஆண்டில் நேபாளத்து மன்னனின் காணிக்கைகளுள் ஒன்றாகச் சீனத்தை அடைந்து, அராபியர் கைவழியே ஸ்பெயினுக்குச் சென்று, அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவிய அந்தக் கீரை, வடநாட்டின் மூலமாக நம் காய்கறிக் கடைகளுக்கும் பாலக் என்ற பெயரோடு வந்து சேர்ந்திருக்கிறது. (அப்பெயரால் விற்கப்படுவதில் பாரசீகக் கீரையும் உண்டு, பீட்ரூட்டின் உடன்பிறப்பான வேறொரு கீரையும் உண்டு, கடைக்காரருக்கு இரண்டும் பாலக்தான்.) 1929இல் பிறந்த பாப்பாய் என்னும் சித்திரக்கதை மாலுமி ஒரு டப்பாக் கீரையை விழுங்கியவுடன் புஜம் பருத்து எதிரியை வீழ்த்தியதைப் பார்த்த தலைமுறைகள், அதற்குள் இரும்புச் சத்து மலைபோல் குவிந்திருப்பதாக நம்பிவிட்டன. இந்த நம்பிக்கை பிழையென்று சொல்ல வந்தவர்கள் தங்கள் பங்குக்கு மற்றொரு கதையைக் கட்டினார்கள்: பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய ரசாயனி ஒருவர் தசமப்புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டதால் இரும்பின் அளவு பத்து மடங்காகக் காட்டப்பட்டுவிட்டது என்பது அது. அந்தத் தசமப்புள்ளிக் கதைக்கே ஆதாரம் கிடையாதென்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பொய்யைத் திருத்தப் புறப்பட்ட பொய் மூலப்பொய்யைக் காட்டிலும் நீண்ட ஆயுளோடு வாழ்வது உண்டு போலும்.

உண்மை அளவு என்னவென்றால், 100 கிராம் பாலக்கில் இரும்பு 3 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. வயதுவந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் விதித்திருக்கிறது. அதையும் இதையும் வைத்துப் பார்த்தால், கீரையை மாத்திரம் நம்பி இரத்த சோகையை ஓட்டிவிடலாம் என்ற எண்ணம் எவ்வளவு அதீதமானது என்பது விளங்கும்; அதிலும் தாவர உணவிலுள்ள இரும்பில் உடம்பு கிரகித்துக்கொள்வது பத்தில் ஒரு பங்குகூட இராது. குடற்புழுவும், அடிக்கடி வரும் காய்ச்சலும், மாதந்தோறும் நேரும் இழப்பும், அடுத்தடுத்த பிரசவங்களும் சேர்ந்து உண்டாக்கும் நோய்க்கு இரும்பு மாத்திரை வேண்டியதுதான். அதைக் கீரைக்குப் பக்தர்களான நாம் மறைக்கக்கூடாது.

ஆனால் இரும்பைப் பற்றிய இந்த ஆரவாரத்தில் கீரையின் மெய்யான பெருமை ஒன்று எடுபடாமலே போய்விட்டது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, அங்கே நெசவாலைகளில் உழைத்த கர்ப்பிணிகளைப் பிடித்திருந்த ஒரு விசித்திரமான சோகையை ஆராய்ந்தார். இரும்பு கொடுத்தும் தீராத அந்தச் சோகை, மார்மைட் என்று விற்கப்பட்ட ஈஸ்டுச் சாற்றைக் கொடுத்தவுடன் தீர்ந்தது. அந்த ஆராய்ச்சியின் ஒரு பகுதி நம்முடைய குன்னூரிலும், சென்னையில் இன்று கஸ்தூர்பா காந்தியின் பெயரால் வழங்கும் திருவல்லிக்கேணிப் பெண்கள் மருத்துவமனையிலும் நடந்தது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? அந்தச் சாற்றில் மறைந்திருந்த குணப்பொருள் இன்னதென்று தெளிவாகச் சில ஆண்டுகள் பிடித்தன. 1941இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் நான்கு டன் ஸ்பினாச் கீரையைக் கரைத்துக் காய்ச்சி வடித்து, அதிலிருந்து அற்ப சொற்பமாக ஒரு வஸ்துவைப் பிரித்தெடுத்து, இலையிலிருந்து கிடைத்தமையால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இன்று கர்ப்பிணிகளுக்கு இரும்போடு சேர்த்துக் கொடுக்கப்படும் மாத்திரையில் இருப்பது அதுவே. கருவிலுள்ள சிசுவின் முதுகுத்தண்டு பழுதின்றி உருவாக அது இன்றியமையாதது. 100 கிராம் பச்சை ஸ்பினாச்சில் அது ஏறக்குறைய 190 மைக்ரோகிராம் இருக்கிறது. இரத்தம் உறைவதற்கு வேண்டிய 'கே' வைட்டமின் ஒரு நாளைத் தேவையைப் போல் பல மடங்கு. கண்ணுக்கு ஆதாரமான 'ஏ' வைட்டமினாக உடம்பில் மாறும் கரோட்டீனும் தாராளம். கீரையின் பலம் புஜத்தில் இல்லை. கண்ணிலும் கருப்பையிலும் இருக்கிறது.

இனி அதன் குறையையும் சொல்லவேண்டும். பாலக்கில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி. அந்த அமிலம் கீரையிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக் கட்டிப்போட்டு விடுகிறது. பாலிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்கு 27 பங்கு உடம்பில் சேருமிடத்து, ஸ்பினாச்சிலுள்ளதில் 5 பங்குதான் சேருகிறதென்று 1988இல் வெளியான ஒரு பரிசோதனை காட்டியது. சிறுநீரகத்தில் கல் விழுந்தவர்களுக்கு வைத்தியர்கள் இந்தக் கீரையை விலக்கச் சொல்வதும் இதனால்தான். ஹோட்டல்களில் மிகுந்த செல்வாக்குப் பெற்றுவிட்ட பாலக் பன்னீரைச் சாப்பிடுகிறவர்கள், பன்னீரின் கால்சியத்தில் ஒரு பகுதியைக் கீரைக்குப் பறிகொடுக்கிறார்கள் என்பது வாஸ்தவம். ஆயினும் அந்தக் கால்சியம் குடலிலேயே ஆக்ஸாலிக் அமிலத்தைப் பிடித்து வெளியேற்றிவிடுவதால் சிறுநீரகத்துக்குப் போய்ச் சேரும் அமிலம் குறைகிறது என்ற லாபமும் உண்டு. நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் அமிலத்தில் கணிசமான பகுதி கழியும். கூடவே ஃபோலிக் அமிலத்திலும் 'சி' வைட்டமினிலும் ஒரு பகுதி கழியும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் வியாபாரமாகத்தான் சமையல் எப்போதும் இருந்து வந்திருக்கிறது.

நம் ஊர்க் கீரைகளின் கணக்கு வேறு. அந்தக் கணக்கை எடுத்தவர்களும் நமக்கு அந்நியரல்லர். 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் குன்னூரில் ஆரம்பித்த சிறிய ஆராய்ச்சிச் சாலைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர் தேசியப் போஷாக்கு நிறுவனம் என்று பெயர் பெற்றது. அக்குன்னூரிலிருந்தே 1937இல் அய்க்ராய்டு என்னும் ஆராய்ச்சியாளர், இந்திய உணவுகளின் சத்துக்களை அட்டவணையாக்கி முதல் பதிப்பை வெளியிட்டார். அந்த நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையை எடுத்துப் பாருங்கள். முருங்கைக்கீரை 100 கிராமில் இரும்பு நாலரை மில்லிகிராம், கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல், 'சி' வைட்டமின் 100 மில்லிகிராமுக்கு மேல்; இவை ஒவ்வொன்றிலும் பாலக் அதற்குப் பின்னேதான் நிற்கிறது. ஆக்ஸாலிக் அமிலமோ முருங்கையில் பாலக்கைக் காட்டிலும் பல மடங்கு குறைவு. அகத்திக்கீரையின் கால்சியம் முருங்கையினுடையதையும் தோற்கடிப்பது. சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை முதலிய ஒரே குலத்துக் கீரைகளில் இரும்பும் கால்சியமும் நன்றாக இருந்தாலும், ஆக்ஸாலிக் அமிலமும் பாலக்குக்குக் குறையாமல் இருப்பதை மறைப்பதற்கில்லை. ஆகவே நம்முடையதெல்லாம் அமிர்தம், வந்தேறியதெல்லாம் விஷம் என்ற ரீதியில் வாதாட நான் வரவில்லை. ஆனால் இத்தனை ஜாதிக் கீரைகளும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்க, நகரத்துச் சமையலறைகளில் பாலக் எப்படி முதல் ஸ்தானத்தைப் பிடித்தது என்று கேட்டால், அதற்கு விடை சத்திலும் இல்லை, ருசியிலும் இல்லை. பாலக் இலை உள்ளங்கை அகலம். காம்பைக் கிள்ளி எறிந்து, குழாயடியில் ஒரு முறை அலசி, இரண்டு நிமிஷத்தில் அடுப்பில் ஏற்றிவிடலாம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. கீரை நம் வீடுகளிலிருந்து போய்க்கொண்டிருப்பதற்குக் காரணம் அதை ஆய்வதற்கு ஆகும் நாழிகை.

ஒரு கட்டு சிறுகீரையை முறத்தில் அவிழ்த்துப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்கள்தான் கீரையைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள் என்பதால் விவரிக்கிறேன். வேரோடு பிடுங்கிய கீரையில் முதலில் வேரை நறுக்கித் தள்ளவேண்டும். அதற்குள் ஒளிந்திருக்கும் கோரையையும், பேர் தெரியாத பூண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கவேண்டும். இலையைத் திருப்பி அடிப்புறம் பார்த்து, வெள்ளைப் புள்ளியாகப் பூச்சி முட்டையிட்டதைக் கழிக்கவேண்டும், பழுத்ததைக் கழிக்கவேண்டும், தண்டு இளசா முற்றலா என்று நகத்தால் கிள்ளிப் பார்க்கவேண்டும். பிறகு அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பிக் கீரையை அமிழ்த்தி, கலக்கி, மண் அடியில் தங்கவிட்டு, நீரைச் சாய்க்காமல் கீரையை மேலாக அள்ளி எடுத்து, அடியில் மணல் தென்படாமற்போகும் வரையில் மும்முறை நான்முறை இவ்வாறு செய்யவேண்டும். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு இப்படி இரண்டு கட்டு. அப்புறம் அது வெந்து ஒரு கிண்ணமாகச் சுருங்கும். முருங்கையோ இன்னும் சோதிக்கும். பொடிப்பொடியான இலைகளை ஈர்க்கிலிருந்து உருவுகையில் சிறு காம்பு ஒன்று கூடவே வந்துவிட்டாலும் வாயில் நெருடும், சாப்பிடுகிறவர் இலையின் ஓரத்தில் அதை எடுத்து வைத்துச் சமைத்தவளின் முகத்தைப் பார்ப்பார். முதல் நாள் இரவே கொத்தைத் துணியில் இறுகச் சுற்றி வைத்தால் விடியற்காலையில் உதறினவுடன் இலைகள் தாமாகவே உதிர்ந்துவிடும் என்ற உபாயத்தைக் கண்டுபிடித்தவள் எந்த ஊர்ப் பாட்டியோ. அவளுக்கு ஒரு சிலை வைத்தாலும் தகும்.

முற்காலத்தில் இந்த வேலை பெரியதாகத் தோன்றவில்லை. திண்ணையில் பிற்பகல் வேளையில் மாமியாரும் நாத்தனாரும் பக்கத்து வீட்டுக்காரியும் உட்கார்ந்து, ஊர் விவகாரம் அனைத்தையும் ஆய்ந்துகொண்டே கீரையையும் ஆய்ந்துவிடுவார்கள். அந்தத் திண்ணையும் போயிற்று, அந்தக் கூட்டமும் போயிற்று. இன்று காலை எட்டு மணிக்குப் பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய ஸ்திரீ ஒருத்தி, ஐந்தரைக்கு எழுந்து மூன்று டப்பாக்களில் சாப்பாடு கட்டும்போது, அவளிடம் போய் அரைக்கீரையின் பெருமையைப் பிரசங்கம் செய்வது நியாயமா? முக்கால் மணி நேர வேலையை அவள் தலையில் கட்டிவிட்டு, அவள் அதைச் செய்யாதபோது அவளுக்கு ஆரோக்கிய ஞானம் போதாது என்று தீர்ப்பும் சொல்லுகிறோம். கீரையின் உண்மையான விலை கட்டுக்குப் பதினைந்து இருபது ரூபாயன்று. அந்த முக்கால் மணி நேரமும் சேர்ந்ததே அதன் விலை. அதைச் செலுத்துவது எப்போதும் ஒருத்தியாகவே இருக்கிறாள். குடும்பத்திலுள்ள ஆடவர்கள் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கும்போது மடியில் ஒரு முறத்தை வைத்துக்கொண்டால் ஆட்டத்தின் சுவாரஸ்யம் சற்றும் குறையாது என்பது என் அபிப்பிராயம். கண் அங்கேயும் கை இங்கேயுமாகக் கீரை ஆயலாம். பத்து வயதுப் பிள்ளையையும் உட்கார்த்தி வைக்கலாம். தான் ஆய்ந்த கீரையைக் குழந்தை தின்ன மறுப்பது அபூர்வம்.

ஆய்ந்தாகிவிட்டால் சமைப்பதில் சிரமம் சொற்பமே. கீரைச் சமையலில் நம் பெரியவர்கள் கைக்கொண்ட நியமங்களுள் பலவற்றுக்கு ரசாயன சாஸ்திரத்தில் நியாயம் இருக்கிறது. கீரை வேகும்போது சட்டியை மூடக்கூடாது என்பார்கள். இலையிலிருந்து கிளம்பும் அமிலங்கள் ஆவியோடு வெளியேறாமல் மூடியில் பட்டுத் திரும்பவும் விழுந்தால், பச்சை நிறத்துக்குக் காரணமான பொருள் சிதைந்து கீரை பழுப்பேறிப்போகும். நிறத்துக்காகச் சமையல் சோடா போடுகிற ஹோட்டல் வழக்கம் இதற்கு நேர் விரோதமானது. நிறம் நிற்கும், 'சி' வைட்டமினும் தயாமினும் நில்லா. நறுக்கிய பிறகு அலசாதே என்பார்கள். வெட்டுவாய் வழியே நீரில் கரையும் சத்துக்கள் போய்விடும் என்பதே அதன் தாத்பரியம்.

மசியலைச் சொல்கிறேன். அரைக்கீரைக்கு அது போன்ற கதி வேறில்லை. மண்சட்டியில் அரை டம்ளர் நீரைக் கொதிக்கவைத்து, ஏழெட்டுச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, கீறிய பச்சை மிளகாய் இரண்டு போட்டு, அவை பாதி வெந்தபின் கீரையை அள்ளிப் போடவேண்டும். சட்டி நிரம்பி வழிவது போல் தோன்றும். கரண்டிக் காம்பால் இரண்டு முறை அழுத்திவிட்டால் அடங்கிவிடும். தண்டு விரலால் நசுங்கும் பதத்தில் இறக்கி, மிஞ்சிய நீரை இறுத்துத் தனியே வைத்துக்கொண்டு, உப்புப் போட்டு மத்தால் கடையவேண்டும். உட்புறம் சொரசொரப்பாக உள்ள கீரைச்சட்டியில் கடைந்ததற்கும் மிக்ஸியில் அரைத்ததற்கும் உள்ள வித்தியாசம் நாக்குக்கு உடனே தெரியும். மத்து இலையை நசுக்குகிறது, கத்தியோ அதைக் கூழாக்கிப் பசை போலப் பண்ணிவிடுகிறது. இறுத்த நீரை மறுபடி சேர்த்துக் கெட்டி பதம் பார்த்து, நல்லெண்ணெயில் வடகம் தாளித்துக் கொட்டினால் போதும். அந்த எண்ணெய் ருசிக்காக மாத்திரம் இல்லை. கரோட்டீன் கொழுப்பில்தான் கரையும் என்பதால், ஒரு சொட்டு எண்ணெயும் இல்லாத கீரை கண்ணுக்குப் பிரயோஜனப்படுவது குறைவு. மசியலுக்குத் துணையாக வற்றல் குழம்பு இருந்தால் அன்றைய தினம் வேறு கறியைப் பற்றி யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

முருங்கைக்கீரைக்குக் கடைதல் ஒத்துவராது. அதைப் பாசிப்பருப்போடு பிரட்டித் தேங்காய்ப்பூத் தூவுவது பொது வழி. கேழ்வரகு மாவில் பிசைந்து அடையாகத் தட்டினால், தானியத்தின் கால்சியமும் இலையின் இரும்பும் ஒரே கவளத்தில் சேர்கின்றன. அகத்தியின் கசப்பை அடக்கத் தேங்காய்ப்பால் விட்டுச் செய்யும் தண்ணிச்சாறும், அரிசி கழுவிய நீரில் செய்யும் செட்டிநாட்டு மண்டியும், புளிச்சகீரையை வேகவைத்துக் கடைந்து நல்லெண்ணெய் மிதக்கச் சோற்றில் பிசையும் கொங்குநாட்டு வழக்கமும், யாழ்ப்பாணத்தார் முருங்கையிலையில் செய்யும் வறையும், வல்லாரைத் துவையலும், முடக்கத்தான் தோசையும் என்று சொல்லிக்கொண்டே போனால் பத்திரிகையில் இடம் போதாது. ஏகாதசி உபவாசத்துக்கு மறுநாள் துவாதசியன்று அகத்திக்கீரையையும் நெல்லிக்காயையும் ஒரே இலையில் பரிமாறச் சொன்ன சம்பிரதாயத்தைப் பற்றி மாத்திரம் ஒரு வார்த்தை: நெல்லியின் 'சி' வைட்டமின் கீரையின் இரும்பை உடம்பில் சேரவைக்கும் வல்லமையுடையது. இதை அறிந்துதான் அவர்கள் வகுத்தார்களா என்ற கேள்விக்கு நான் போகவில்லை. கீரையோடு ஓர் எலுமிச்சை மூடியாவது பிழிந்துகொள்ளுங்கள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்காவது தேநீரும் காப்பியும் வேண்டாம் என்று இன்றைய போஷாக்கு நிபுணர்கள் சொல்வதற்கு அது இசைவாக இருக்கிறது.

இரவில் கீரை கூடாது என்ற விதிக்கு மின்சார விளக்கும் குளிர்பதனப் பெட்டியும் இல்லாத காலத்தில் நியாயம் இருந்தது. காலையில் பறித்தது மாலைக்குள் வாடிவிடும். அகல் வெளிச்சத்தில் புழு தெரியாது. சமைத்தது மிஞ்சினால் விடியுமுன் கெட்டுப்போகும். இன்று அந்த விதியை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பதற்கு நியாயம் இல்லை. சமைத்த கீரையை வெளியில் நெடுநேரம் வைத்திருந்து மறுபடி சுடவைக்கக் கூடாது என்ற அளவில் அதை மதித்தால் போதும். மெய்யாகவே கவனிக்க வேண்டியவை வேறு. கீரையில் 'கே' வைட்டமின் மிகுதியாதலால், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்கிறவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டுவதும் குறைப்பதும் ஆபத்து. அவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொண்டே ஆகவேண்டும். நகரங்களைச் சுற்றிக் கழிவுநீர் பாயும் நிலங்களில் கீரைப்பாத்தி போடுவது பயங்கரமான விஷயம். ஈயம் முதலான உலோகங்களை மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்த்துக்கொள்வதில் கீரைக்கு நிகர் இல்லை. எத்தனை முறை அலசினாலும் அவை போகா.

இனி அரசாங்கம் செய்யத்தக்கதைச் சொல்கிறேன். குழந்தைகளின் கண் பார்வைக்கும் கீரைக்கும் உள்ள உறவை இந்த மாகாணம் நேரில் கண்டிருக்கிறது. 1970களில் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, 'ஏ' வைட்டமின் குறைவால் கருவிழி உலர்ந்து குருடாகும் நிலையிலிருந்த ஏழைக் குழந்தைகளைத் தாய்மாரோடு தங்கவைத்து, மலிவான தானியமும் பருப்பும் கீரையும் கொண்டே தேற்றியனுப்பும் ஓர் இல்லத்தை நடத்தினார். அங்கே தாய்மாருக்குக் கிடைத்த உபதேசத்தில் சமையலே பிரதானம். இப்போது நம்மிடம் அதைப் போல் ஆயிரம் மடங்கு விஸ்தாரமான சாதனங்கள் இருக்கின்றன. 1982 முதல் சத்துணவுக் கூடங்கள் பள்ளிதோறும் இயங்குகின்றன. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாம்பாரும் வழங்குகிறது. அந்தச் சாம்பாரில் முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி விழுவதற்குப் பணம் தடையில்லை. அரவக்குறிச்சிப் பக்கத்திலும் திண்டுக்கல் பக்கத்திலும் காய்க்காக வளர்க்கும் முருங்கைத் தோட்டங்களைக் கவாத்து செய்யும்போது குவிகிற இலையை நினைத்தால், விளைச்சலும் தடையில்லை என்று தெரியும். நூறு குழந்தைகளுக்கு விடியற்காலையில் சமைக்கிற இரண்டு பெண்களால் அதை உருவி முடிக்க இயலாது என்பதே தடை. வீட்டில் ஒருத்தியின் கைக்கு நேர்ந்த கதி அரசாங்கத்தின் பெரிய அடுப்பங்கரையிலும் நேர்கிறது.

ஆகையால் கீரை ஆய்வதை ஒரு தொழிலாக அங்கீகரிக்கவேண்டும் என்பது என் யோசனை. மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் இந்த வேலையை ஒப்படைத்து, உருவிய முருங்கையிலையையும் ஆய்ந்த அரைக்கீரையையும் எடைபோட்டுப் பள்ளிகளுக்கு வாங்கிக்கொள்ளலாம். 1999இல் மதுரையில் முதன்முதலாகத் திறக்கப்பட்டு இன்று மாநிலம் எங்கும் உள்ள உழவர் சந்தைகளில் ஆய்ந்த கீரைக்கென்று ஒரு கடை ஒதுக்கிக் கொடுத்தால் வேலைக்குப் போகும் குடும்பங்கள் வாங்கிக்கொள்ளும். கட்டுக்குப் பத்து ரூபாய் அதிகமானாலும் அது அவர்களுக்கு மிச்சமே. அந்தப் பத்து ரூபாய் உட்கார்ந்து ஆய்கிறவளுக்குக் கூலியாகப் போய்ச் சேரும். பல்பொருள் அங்காடிகளில் பிளாஸ்டிக் பெட்டிக்குள் கழுவி வைத்த பாலக்கை மும்மடங்கு விலைக்கு வாங்குகிறவர்களைக் காண்கிறோம். அவர்கள் கொடுக்கும் அதிக விலை சத்துக்காக இல்லை, மிச்சமாகும் நேரத்துக்காக என்பதை வியாபாரிகள் எப்போதோ தெரிந்துகொண்டுவிட்டார்கள். சுகாதார இலாகா மாத்திரம் இன்னும் சுவரொட்டி அச்சடித்துக்கொண்டிருக்கிறது.

ஆய்ந்த கீரை சீக்கிரம் வாடிப்போகாதா, சத்து ஆவியாகிப் போகாதா என்று ஆட்சேபிப்பார்கள். நறுக்கிய கீரை வாடும் என்பது உண்மை. ஆகவே நறுக்காமல் முழு இலையாகவே விற்கவேண்டும். அதிகாலையில் பறித்து, நிழலில் ஆய்ந்து, கழுவாமல் ஈரத்துணி சுற்றிய மூங்கில் கூடையில் அன்றைக்கே அனுப்பவேண்டும். கழுவுவதும் நறுக்குவதும் அடுப்பங்கரையில், சட்டி சூடேறும்போது நடக்கட்டும். முருங்கையிலையை நிழலில் உலர்த்திப் பொடி செய்து வருஷம் முழுவதும் வைத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்; மழைக்காலத்துக்கு அதுவும் ஆகட்டும், ஆனால் 'சி' வைட்டமின் உலர்த்தலில் பெரும்பாலும் போய்விடுமாகையால் அந்தப் பொடி போடுகிற நாட்களில் குழந்தைகளுக்கு அரை நெல்லிக்காயாவது கூடக் கொடுக்கும்படி உத்தரவு இருக்கவேண்டும்.